தார்ப்பாய்க்கு முன்னால் ஒரு காய்

சயான் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்பே இறங்குகிற ஆள் அவர். இறங்கி, ரயிலோடு கூடவே நாலைந்து அடி ஓடி, அப்புறம்தான் நிற்பார். வீடு குர்லாவில். வேலை தாராவியில். குர்லாவில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தைக்கூட அவரால் தாங்க முடியாது.

தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் மெஷினில் தைப்பார். நான் ஒட்டுகிறவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அதனால் எனக்கு அண்ணாச்சி. பேரை எழுதவில்லை. எழுதினால் முடிப்பதற்குள் வந்து நின்று, “என்னடே எழுதியிருக்க, காட்டு” என்பார்.

முதலில் அவரும் ஒட்டுகிற வேலையில்தான் இருந்தார். தோலில் சொல்யூஷன் தடவினால் கொஞ்சம் காயவிட வேண்டும். விரலை வைத்தால் ஈரம் வரக்கூடாது, பிடிக்க மட்டும் வேண்டும். அப்புறம்தான் இரண்டு தோலையும் சேர்த்து அழுத்தலாம். அவர் தடவின கையோடு சேர்த்துவிடுவார். பை கடைக்குப் போகும். ஒரு வாரத்தில் வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வரும். முதலாளி பார்த்தார். மெஷினில் உட்கார வைத்தார். மெஷினில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது.

அவர் மனைவி, எங்கள் மதினி, நாலு மாதம் முழுகாமல் இருந்தபோதே பிள்ளைக்கு ஸ்கூல் பை தைத்துவிட்டார். தண்ணீர் பாட்டில் வைக்க ஓரத்தில் ஒரு ஜேப்கூட வைத்திருந்தார். பிள்ளை பிறந்து, பால்வாடி போகிறவரை அந்தப் பை ஆணியில் தொங்கியது.

இப்படி ஒருவருக்குத் தோட்ட ஆசை வந்தது.

வந்தது மாட்டுங்காவில். ஒரு வீட்டில் பை கொடுக்கப் போயிருக்கிறார். தமிழ் பேசுகிற ஒரு மாமி. பால்கனி முழுக்கத் தொட்டி. கம்பியில் பாகல் கொடி படர்ந்து, காய் வரிசையாகத் தொங்கியிருக்கிறது. இவர் பை கொடுத்ததை மறந்து காயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மாமி ஒரு காகிதத்தில் பன்னிரண்டு விதை மடித்துக் கொடுத்திருக்கிறாள். “ராத்திரி ஊறப் போடுங்கோ. ஒரு விரல்கட்டை ஆழம். தண்ணி தெளியுங்கோ. அப்புறம் தொடாம விட்டுடுங்கோ.”

எங்களிடம் அப்படியே ஒப்பித்தார். கடைசி வரி மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

ஹோலி முடிந்த வாரம். பட்டறைக்குள் ஓடி வந்தார்.

“எடே, பாவக்கா போடப் போறோம்!”

“எங்க?”

“மாடியில. வேற எங்க?”

எங்கள் பட்டறை மாடி பாதி சிமெண்ட், பாதி தகரம். வெளியே சந்தில் ஏணி சாத்தித்தான் ஏற வேண்டும். மேலே ஒரு கருப்புத் தண்ணீர் டாங்க், பழைய டயர், போன வருஷத் தார்ப்பாய். நல்ல வெயில். இடம் சரி. மண்?

தாராவியில் மண்ணைத் தேடிப் பாருங்கள். எல்லாம் சிமெண்ட். சிமெண்ட் இல்லாத இடம் சாக்கடை. நான் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“கும்பார்வாடா இருக்கும்போது மண்ணுக்கா பஞ்சம்?”

கும்பார்வாடா பானை செய்கிறவர்கள் தெரு. பத்து நிமிட நடை. மண் மலையாகக் குவிந்து கிடக்கும். தெரிந்த குயவர் ஒருவரிடம் கேட்டு, நாலு பெயிண்ட் வாளி நிறையக் கொண்டுவந்தார். மண் வெண்ணெய் மாதிரி இருந்தது. ஒரு கல் இல்லை, ஒரு தூசி இல்லை. “இப்படி மண்ணு மாட்டுங்காவில உண்டாடே?” என்று எங்கள் எல்லார் கையிலும் ஒரு உருண்டை வைத்தார். வாளிக்கு ஒன்றாக நாலு விதை போட்டார்.

மூன்றாம் நாள் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. வாளியில் கண்ணாடி மாதிரி நின்றது. ஐந்தாம் நாள் மண் வெடித்தது. எட்டாம் நாள் சுத்தியல் பிடியால் தட்டினார். டொக்கு டொக்கு என்றது.

குயவரையே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் மாடி ஏறி வாளியைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சேட், இது பானை மண். இதுல விதை போட்டா பானைதான் முளைக்கும்” என்று இந்தியில் சொன்னார்.

வேறு ஆளாக இருந்தால் சுருங்கிப் போயிருப்பார். இவர் குயவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். கீழே இறங்கிப் பட்டறையில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். சாயந்தரம் ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னாராம். குயவருக்கும் மனசு இளகி, சூளையில் வாய் விரிசல் விட்ட நாலு தொட்டியைச் சும்மா கொடுத்தார்.

மறுநாளே மாட்டுங்கா நர்சரிக்குப் போய்ச் செம்மண்ணும் எருவும் கலந்த மண் ஒரு மூட்டை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தால் தெரிந்தவன் டெம்போவில் வந்திருக்கும். பொறுக்கவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டர் மூட்டையைக் காலால் தள்ளி, இது என்ன என்று கேட்டிருக்கிறார்.

“மிட்டி.”

“மண்ணா? மண்ணை எதுக்குய்யா பஸ்ல ஏத்துற?”

“சரி, அதுக்கும் டிக்கெட் குடு.”

கண்டக்டரும் கொடுத்துவிட்டார். டிக்கெட் எடுத்தபின் மண் ஏன் கீழே கிடக்க வேண்டும்? தூக்கி சீட்டில் வைத்து, பக்கத்தில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு அம்மா நின்றுகொண்டு வந்ததாம். இவர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்திருக்கிறார். மண் எழுந்திருக்கவில்லை.

இந்த மண்ணில் ஆறு விதை போட்டார். மிச்சம் இரண்டை மடியில் வைத்திருந்தார்.

இரண்டாம் நாள் தோண்டினார்.

“ஒண்ணும் ஆகலடே.”

“ஆகாது.”

மூன்றாம் நாள் தோண்டினார். நாலாம் நாள் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு தடவை. ஐந்தாம் நாள் மாடியிலிருந்து ஒரு சத்தம். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடினோம். ஏணியில் பாதியில் நிற்கிறார். உள்ளங்கையில் ஒரு விதை. அதில் நூல் மாதிரி ஒரு வெள்ளை வேர்.

“பாருங்கடே! கால் வந்துட்டு! கால் வந்துட்டு!”

பட்டறையில் பதினாலு பேர். எல்லார் கைக்கும் அந்த விதை போனது. எதிர் டீக்கடைக்காரனும் பார்த்தான். எனக்கும் கொடுத்தார். கையில் எடை தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் என்னமோ ஓடியது. இருபது வருஷமாகப் பட்டறை பட்டறையாகச் செத்த தோலைத் தொட்டுக்கொண்டிருந்தவன் நான்.

அந்த விதையைத் திரும்பப் புதைத்தார். வேர் ஒடிந்திருந்தது. மிச்ச ஐந்தும் அப்படித்தான் போயின. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, சந்தோஷப்பட்டு, கொன்றார்.

இதற்கிடையில் அவர் ஊற்றின தண்ணீர் சிமெண்ட் விரிசலில் இறங்கி, கீழே வெட்டி அடுக்கியிருந்த தோல் மேல் சொட்டிவிட்டது. தோலில் தண்ணீர் பட்டால் கறை. முதலாளி வந்தார். நாங்கள் அவரைப் பாய் என்போம். எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். கத்தமாட்டார். மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

“மேல என்னவே நடக்குது?”

“தோட்டம் பாய்.”

“தோட்டமா? என்ன காய்ச்சிருக்கு?”

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி தலையைக் குனிந்தார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை.

பாய் கறை பட்ட தோலைத் தடவிப் பார்த்தார்.

“மழைக்கு முன்னால மேல தார்ப்பாய் கட்டுவோம்லா. அன்னைக்கு நான் மேல வருவேன். செடியில ஒரு காய் எனக்குக் காட்டணும். ஒரே ஒரு காய். காட்டினா தோட்டம் இருக்கும். இல்லன்னா அத்தனை தொட்டியையும் கீழ இறக்கிடணும். பெறவு மாடிப் பேச்சே கூடாது. சரியா?”

“சரி பாய்! காட்டுதேன் பாய்!”

சொல்லிவிட்டார். தார்ப்பாய்க்கு இரண்டு மாதம்தான். மண்ணில் உயிரோடு ஒரு விதை இல்லை.

அன்று சாயந்தரம் மடியிலிருந்த கடைசி இரண்டு விதையை எடுத்து என் கையில் வைத்தார். “நீ போடுடே. என் கை சரியில்ல” என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் ரயிலுக்குப் போனபின் ஒரு தொட்டியை டாங்குக்குப் பின்னால் இழுத்துவைத்து, அதில் போட்டேன். எங்கே போட்டேன் என்று சொல்லவில்லை. தினமும் கேட்டார். கண்ணில் பட்ட தொட்டியையெல்லாம் மோந்து பார்த்தார். ஒரு தொட்டி குறைவது அவருக்குத் தெரியவில்லை. எண்ணினால் அல்லவா தெரியும்.

எட்டு நாள். ஒன்பதாம் நாள் போனால் மண் லேசாகத் தூக்கியிருந்தது. பத்தாம் நாள் இரண்டு இலை. பக்கத்தில் இன்னொன்றும் முட்டிக்கொண்டு நின்றது. நான் சத்தம் போடுகிறவன் இல்லை. அன்று மட்டும் ஏணியில் இரண்டு படி தாண்டி இறங்கினேன்.

“வாரும்” என்றேன்.

பார்த்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்புறம் வந்தது. சந்தில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட பெண் பயந்து கீழே ஓடினாள். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

“ஏன்டே என்ட்ட சொல்லல?”

“சொன்னா தோண்டுவீரு.”

“தோண்டியிருப்பேன்டே! கண்டிப்பாத் தோண்டியிருப்பேன்!”

கொடி ஏற மூங்கில் கட்டினோம். கயிறுக்குப் பதில் பை தைக்கிற நைலான் நூல். கொடி நூலைப் பிடிக்கும். பிடித்து ஒரு சுற்றுச் சுற்றும். காலையில் பார்த்த இடத்தில் சாயந்தரம் இருக்காது. மதியச் சோற்றை மேலே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தோம். வெயில் மண்டையைப் பிளக்கும். யாரும் இறங்கமாட்டோம். என்னைச் சேர்த்து ஆறேழு பேருக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒருவன் மிச்சத் தொட்டியில் புதினா நட்டான். இன்னொருவன் மல்லி தூவினான். மாலையில் வீட்டுக்குப் போகும்போது அவரவர் செடியிடம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மே மாதம் பூத்தது. மஞ்சள் பூ. முதல் நாள் மூன்று. அண்ணாச்சி அன்று எல்லாருக்கும் அரை கிளாஸ் கட்டிங் டீ வாங்கினார். மறுநாள் மூன்றும் கீழே கிடந்தன. அடுத்த நாள் ஐந்து. அதுவும் விழுந்தது. ஒரு வாரம் இப்படி. தைக்கிற மெஷினில் ஊசி ஓடவில்லை அவருக்கு. “சீக்கு வந்துட்டுடே. பாய் ஜெயிச்சுட்டாரு.”

மாட்டுங்கா மாமிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு எங்கள் நடுவில் வைத்தார்.

“அது ஆண் பூ. விழத்தான் விழும். பூவுக்கு அடியில குட்டியா ஒரு பிஞ்சு ஒட்டிண்டிருந்தா அது பெண் பூ. வரும். வந்தா, ஆண் பூவைப் பறிச்சு அதோட நடுவுல லேசா ஒத்தி எடுங்கோ. அங்க தேனீ கீனீ வருதோ இல்லையோ. காலம்பற பூ விரிஞ்சப்புறம்தான். அவசரப்படாதேங்கோ.”

பதினாலு ஆம்பிளைகள். எல்லாரும் போனைச் சுற்றிக் குனிந்திருந்தோம். அப்புறம் புதினாக்காரன், “பொண்ணு பாக்கப் போவோமா அண்ணாச்சி?” என்றான். பட்டறை சிரித்துச் சிரித்து விழுந்தது.

முதல் பெண் மொட்டு ஒரு வியாழக்கிழமை வந்தது. விரிய ஒரு ராத்திரி பாக்கி. அண்ணாச்சி சாயந்தரமே நகத்தால் இதழைப் பிரித்து, ஆண் பூவை உள்ளே திணித்துவிட்டார். இரண்டு நாளில் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கியது.

யாரும் திட்டவில்லை. அவரே தன் கையை அடித்துக்கொண்டார்.

இரண்டாவது மொட்டுக்கு நான் ஒன்று செய்தேன். காலையில் அவர் வந்ததும் அவர் இரண்டு கையிலும் சூடான டீ கிளாஸைக் கொடுத்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. “பிடியும்” என்றேன். கை இரண்டும் மாட்டிக்கொண்டது. பூ விரிந்திருந்தது. நான் ஆண் பூவைப் பறித்து ஒத்தினேன். அவர் பக்கத்தில் நின்று “மெதுவா, மெதுவா, மெதுவாடே” என்று எனக்குச் சொன்னார். டீ அவர் விரலில் வழிந்தது. தெரியவில்லை அவருக்கு.

பிஞ்சு நின்றது. மூன்றாம் நாள் பச்சை ஏறியது.

தார்ப்பாய் கட்டும் நாளைப் பாய் சொல்லிவிட்டார். இன்னும் பத்து நாள். அண்ணாச்சி அரை மணிக்கு ஒரு தடவை ஏறினார். நூல் வைத்து அளந்தார். தடவினார். விதையைத் தொடாதீர்கள் என்று மாமி சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. பிஞ்சும் அப்படித்தான், கை பட்டால் விழும்.

ஐந்தாம் நாள் ஏணியைக் காணோம்.

“ஏணி எங்கடே?”

“வெல்டிங்குக்குப் போயிருக்கு. படி ஆடுது.”

ஏணி எதிர் டீக்கடைக்குப் பின்னால் இருந்தது. நான் காலையில் முதல் ஆளாக வந்து, ஏறித் தண்ணீர் ஊற்றி, இறங்கி, அங்கே வைத்துவிடுவேன். எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

“எப்படிடே இருக்கு?”

“இருக்கு.”

“எவ்வளவு?”

நான் சுண்டுவிரலைக் காட்டுவேன். மறுநாள் நடுவிரல். அவர் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு நாள் மூங்கில் கம்பு நுனியில் போனைக் கட்டி, சந்தில் நின்றுகொண்டு மேலே நீட்டிப் படம் எடுத்தார். படத்தில் வானம் இருந்தது. பக்கத்து மாடிப் பாவாடை ஒன்றும் இருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் சண்டைக்கு வந்துவிட்டான். பாகற்காய் என்று சொன்னால் நம்புகிறானா? போனை வாங்கிப் பார்த்தான். அப்புறம் அவனும் கேட்டான், “காய்ச்சிருச்சா?”

தார்ப்பாய் நாள் வந்தது. வானம் கருத்துக் கிடந்தது. நான் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன். பாய் வந்தார். அவருக்கு முட்டி வலி. ஒரு படியில் கால் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படியைப் பார்த்தார். “நீங்க வாங்க பாய், நான் முன்னால போறேன்” என்று அண்ணாச்சி அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார். மேலே போய்விட்டார்.

பாய் இரண்டாம் படிக்கு வரவில்லை. அதற்குள் அண்ணாச்சி திரும்பி இறங்கிக்கொண்டிருந்தார். கையில் பாகற்காய். உள்ளங்கை நீளம். முள்ளு முள்ளாக, பச்சைப் பசேல் என்று.

“பாய்! காய்! பாத்தீங்களா பாய்!”

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

பாய் காயைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“செடியிலன்னுலா சொன்னேன்.”

அண்ணாச்சி கையைப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“செடியில இருந்துது பாய். இப்பதான் பறிச்சேன். உங்களுக்குக் காட்டணும்னு…”

“மார்க்கெட்ல இதவிடப் பெருசா இருக்கு. கையில இருக்கிறத யாரும் காட்டலாம்வே.”

“அம்மா சத்தியமா பாய்!”

பாய் திரும்பினார். தொட்டியை இறக்கச் சொல்லிக் கை காட்டப் போகிறார் என்று தெரிந்தது. சந்தில் கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சி ஏணியில் பாதியில் நிற்கிறார். காயைத் திரும்ப ஒட்ட வைக்க முடியுமா என்று யோசிக்கிற முகம்.

“செடியில காய்ச்சதுதான் பாய்” என்றேன். “பூவிலிருந்து நான் பாக்கேன்.”

பாய் நின்றார். என் பக்கம் திரும்பினார்.

“பதினோரு வருஷம் இங்கன இருக்க. நீயா ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல” என்றார்.

அண்ணாச்சி இறங்கி வழி விட, பாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏணி ஏறினார். ஒவ்வொரு படியாக. பின்னால் நான். மேலே போய்க் கொடியைப் பார்த்தார். பறித்த காம்பு நுனியில் ஈரம் ஒரு சொட்டு நின்றது. விரலால் தொட்டார். நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

“கசக்கு” என்றார். “நம்ம காய்தான்.”

சந்தே கத்தியது. பாவாடைக்காரியின் புருஷனும் கத்தினான்.

“தார்ப்பாயைப் போடுங்க. அது மேல டயருக்குப் பதிலா இந்தத் தொட்டிய வைங்க. பாரத்துக்குப் பாரம், தோட்டத்துக்குத் தோட்டம்” என்றார் பாய். கீழே இறங்கி, அண்ணாச்சி கையிலிருந்த காயை வாங்கினார். நாங்கள் வட்டமாக நின்றோம். பதினாலாக நறுக்கிப் பொரிக்க டீக்கடையில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. பாய் காயைத் தன் ஜிப்பா ஜேப்பில் போட்டுக்கொண்டார்.

“எனக்குச் சுகர்லா” என்றார். போய்விட்டார்.

அண்ணாச்சி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது அவர் குர்லாவை விட்டுக் கல்யாணுக்குப் போய், அங்கேயே ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டார். மாடியில் என் பங்குக்கு ஒன்பது தொட்டி இருக்கிறது. ஆனால் நான் அவரை நினைத்தால் தார்ப்பாய் கட்டின மறுநாள் காலைதான் வரும். மழை பிடித்திருந்தது. பாய் குடையை மடக்காமலே வாசலில் நின்றார். ராத்திரி வீட்டில் பொரித்துச் சாப்பிட்டாராம். பாதிதான் மற்றவர்களுக்குக் கொடுத்தாராம்.

“அடுத்தது எப்போவே?” என்றார்.

அண்ணாச்சி மெஷினை நிறுத்தவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

“நாளைக்கு பாய்!”

கொடியில் அன்று ஒரு பெண் பூகூட இல்லை.